நைரோபியில் வாழைப்பழம் வாங்கிய கதை

2005 நவம்பர். கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தால், குடியிருப்பு வாசலில் காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் நலம் விசாரிக்காமல் உள்ளே விடாத மனுஷன்! சாமிக்கு வாங்கினேன் என்றேன். "உங்கள் சாமியும் கிபாக்கி கட்சியா?" என்று கேட்டார்.

அந்த மாதம் 21ஆம் தேதி புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. எழுத்தறியாதவர்களும் குழம்பக்கூடாது என்று தேர்தல் ஆணையம் சின்னம் கொடுத்திருந்தது: சட்டம் வேண்டும் என்றால் வாழைப்பழம், வேண்டாம் என்றால் ஆரஞ்சு. அதிபர் கிபாக்கி வாழைப்பழம். அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த ரைலா ஒடிங்கா ஆரஞ்சு. போமாஸ் என்ற கலாசார மையத்தில் பிரதிநிதிகள் கூடி எழுதிய வரைவு அதிபரின் அதிகாரத்தைக் குறைத்திருந்தது. அப்புறம் அட்டர்னி ஜெனரல் வாகோ கைக்குப் போய் வந்தபோது பழையபடி அதிபர் பக்கமே சாய்ந்திருந்தது. பெரிய சண்டை அதில்தான்.

எங்கள் தெருமுனையில் காய்கறி விற்ற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு பழமும் அவர் கடையில் உண்டு, யாரையும் பகைத்துக்கொள்ள முடியாத தொழில். சுகுமா கீரையை மெல்லிசாக நறுக்கிக்கொண்டே சொன்னார்: "பெண்ணுக்கும் நிலத்தில் பங்கு என்று எழுதியிருக்கிறார்களாம். எனக்கு அது வேண்டும். ஆனால் ஒரு பழம் நன்றாக இருக்கிறது என்று தாரையே வாங்க முடியுமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நூறு விஷயங்களை ஒன்றாகக் கட்டி, ஒரே ஒரு ஓட்டுக் கேட்டால் அவர் என்னதான் செய்வார்?

58 சதவீதம் வேண்டாம் என்றது. இரண்டே நாளில் கிபாக்கி அமைச்சரவையைக் கலைத்தார். ஆரஞ்சு ஒரு கட்சியின் பெயரிலேயே ஏறிவிட்டது. காவலாளி என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்தார். ஜெயித்தவருக்கு என்ன கோபம்!

2010 ஆகஸ்டில் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை பழம் இல்லை, நிறம்: வேண்டும் பச்சை, வேண்டாம் சிவப்பு. முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது, கருக்கலைப்புக்கு வழி விடுகிறது என்று பல தேவாலயங்கள் சிவப்புக் கொடி பிடித்தன. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பச்சைக்கு விழுந்தது.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் அதே அம்மாவிடம், "இந்தத் தார் எப்படி?" என்றேன். பதில் சொல்லவில்லை. தக்காளியை நிறைத்துக் கட்டிய பையை மறுபடி பிரித்து, ஒரு பச்சைக் குடைமிளகாயைக் கொசுறாகப் போட்டார்.