பார்க்கின்சன் மாத்திரை ஒருவரின் குணத்தையே மாற்றுமா?

கிணற்றடி:

அப்பாவுக்கு 62 வயது. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன். வலது கை நடுக்கத்தில் ஆரம்பித்தது, அப்புறம் நடை குறுகியது, கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துப் போனது. மாத்திரை போட ஆரம்பித்ததும் நன்றாகத் தேறினார், சட்டைப் பொத்தானை யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொண்டார். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். வாழ்நாள் முழுக்க எண்ணி எண்ணிச் செலவு செய்த மனிதர், சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. சில மாதமாக விடியற்காலை மூன்று மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு சூதாட்ட ஆப்பில் இருக்கிறார். தம்பி எதற்கோ வங்கிக் கணக்கைப் பார்க்கப் போய்த்தான் தெரிந்தது, சேமிப்பில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. கேட்டால் முதலில் இல்லவே இல்லை என்றார், அப்புறம் அழுதார், மறுநாள் ராத்திரி மறுபடியும் ஆடினார்.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டுக் கடிகாரங்கள், பழைய ரேடியோ, டார்ச் லைட் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, திருகாணிகளை அளவு பார்த்து ஒரு தட்டில் வரிசையாக அடுக்குகிறார். அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. எதையும் திரும்பப் பூட்டுவதும் இல்லை.

"இத்தனை வருஷம் நடிச்சுக்கிட்டு இருந்தாரா" என்று கேட்கிறார் அம்மா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில் சூதாட்ட நாட்டம் என்று ஒரு வரி பார்த்தேன். கை நடுங்குவதற்குக் கொடுக்கிற மாத்திரை ஒரு ஆளைச் சூதாட வைக்குமா, இல்லை நாங்கள்தான் சாக்குத் தேடுகிறோமா? மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறான் தம்பி.

வெயிலான்:

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு மரக்கட்டையாக விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்தாகிற நிலை வரலாம். டோபமைன் அகோனிஸ்ட், அதாவது மூளையில் இருக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைப் போலவே வேலை செய்கிற வகை மாத்திரையாக இருந்தால் அதை வெட்டினாற்போல் விடும்போது பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று தனியாக ஒரு பாடு இருக்கிறது. எது செய்தாலும் டாக்டரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. மாத்திரை பெயர் என்ன?

கிணற்றடி:

தம்பியிடம் சொல்லிவிட்டேன், நன்றி. லெவோடோபா ஆரம்பத்திலிருந்தே உண்டு. போன வருடம் கூடுதலாகப் பிராமிபெக்சோல் சேர்த்தார்கள், பிறகு ஒரு தடவை டோஸ் ஏற்றினார்கள். இப்போது தேதியை வைத்துப் பார்த்தால் ஏற்றி இரண்டு மூன்று மாதத்தில் சூதாட்டம் தொடங்கியிருக்கிறது.

நடுமூளை:

பிராமிபெக்சோல் அகோனிஸ்ட்தான். நான் டாக்டர் இல்லை, டோபமைன் சம்பந்தமான ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு காலம் தள்ளுகிறவன், அதனால் மருந்தை மாற்றுவது பற்றி வாய் திறக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சாக்குத் தேடவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 3090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் தின்பது, பாலுணர்வு எல்லை மீறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று அகோனிஸ்ட் எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஆறு பேரில் ஒருவர் என்றால் அது அபூர்வமான பக்கவிளைவே இல்லை, பொடி எழுத்தில் போட வேண்டிய சமாச்சாரமும் இல்லை.

ஏன் என்று பார்ப்போம். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது, பார்க்கின்சனில் அங்குள்ள டோபமைன் நரம்பணுக்கள் சாகின்றன. அவை டோபமைன் அனுப்பும் இடம் ஸ்ட்ரயேட்டம். அதன் மேல்பகுதிக்கு உடலசைவில் பெரிய பங்கு, கீழ்ப்பகுதிக்கு ஆசை, வெகுமதி, எதிர்பார்ப்பு போன்றவற்றில். நோய் மேல்பகுதியை முதலில் வறட்சியாக்குகிறது, கீழ்ப்பகுதியில் ஈரம் ரொம்ப நாள் மிச்சமிருக்கும். காய்ந்த வயலுக்குத் தண்ணீர் திறந்தால் பக்கத்தில் ஏற்கெனவே நனைந்திருக்கிற வயல் மூழ்கிப்போகுமே, அதுதான் நடக்கிறது. மாத்திரைக்கு மேல் எது கீழ் எது தெரியாது. போதாக்குறைக்குப் பிராமிபெக்சோலும் அதே வகை ரோபினிரோலும் டி3 என்ற ஏற்பியில் (அணுவின் மேல் டோபமைன் வந்து ஒட்டும் இடம்) அதிகம் ஒட்டும், அந்த ஏற்பி கீழ்ப்பகுதியில்தான் நிறைய.

திருகாணிக்கு நான் சிரிக்கவில்லை. அதற்குப் பெயரே இருக்கிறது, பண்டிங். ஸ்வீடனில் ஆம்ஃபெட்டமின் பழக்கத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் வழங்கிய கொச்சைச் சொல், 1972இல் மருத்துவ ஏட்டுக்குள் வந்தது. ஆம்ஃபெட்டமினும் டோபமைனைக் கிளப்புகிற சரக்குதான். பயனில்லாத ஒரே வேலையில் மணிக்கணக்காக மூழ்குவது, இடையில் யாராவது குறுக்கிட்டால் எரிச்சல். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் இது அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், டாக்டரிடம் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

எதிர்ப்பாட்டு:

கேட்கிறவருக்கு ஆறுதலாக இருக்கும், சரி. ஆனால் எனக்கு ஒரு நெருடல். ஆறு பேரில் ஒருவர் என்றால் மீதி ஐந்து பேர் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு சும்மாதானே இருக்கிறார்கள்? அப்படியானால் உள்ளே ஏற்கெனவே எதுவோ இருந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் "நான் செய்யல, என் டோபமைன் செஞ்சுது" என்று சொல்லும் காலமாகிவிட்டது. பார்க்கின்சன் நோயே மூளையைப் பாதிக்கிற நோய்தானே, மாத்திரை மேல் மட்டும் ஏன் பழி?

நடுமூளை:

கடைசிக் கேள்விக்கு முதலில். மருந்தே தொடங்காத புதுப் பார்க்கின்சன் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இந்தப் பழக்கங்களில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு பக்கம், இதே மாத்திரையைக் கால்கள் ஓயாமல் துடிக்கும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் தொல்லைக்கும் கொடுக்கிறார்கள், பார்க்கின்சனே இல்லாத அவர்களிலும் சிலர் சூதாட ஆரம்பிக்கிறார்கள். அதனால் நோயை மட்டும் கைகாட்ட முடியாது.

"உள்ளே ஏற்கெனவே இருந்தது" என்பதில் பாதி உண்மை உண்டு. அதே 2010 ஆய்வில் வயது குறைந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் சூதாட்டச் சிக்கல் இருந்தவர்கள், மணமாகாதவர்கள் இவர்களிடம் அதிகம் தெரிந்தது. ஆனால் அது சாய்வுதான். நம் எல்லோருக்கும் ஏதோ ஒரு பக்கம் சாய்வு இருக்கிறது, பிரேக் பிடிக்கிறவரை அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பிரேக் என்று சும்மா சொல்லவில்லை. வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளில் காட்டியது இது: எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் படபடவென்று துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால், சாறுக்குத் துடிப்பதை விட்டு விளக்குக்குத் துடிக்கின்றன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு சட்டென்று கீழே இறங்குகிறது. "ஏமாந்தாய், அடுத்த தடவை இந்தப் பக்கம் வராதே" என்று மூளை எழுதிக்கொள்வது அந்தப் பள்ளத்தில்தான். இப்போது அகோனிஸ்ட் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அணு துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அது ஏற்பியின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. தோற்கும்போது வர வேண்டிய பள்ளம் பாதி தூர்ந்துவிடுகிறது. ஜெயித்தது நன்றாகப் பதிகிறது, தோற்றது உறைப்பதில்லை.

வெறும் ஊகம் இல்லை இது. 2004இல் மைக்கேல் ஃப்ராங்க் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒரு தேர்வு வைத்தது, இரண்டு எழுத்துக் குறிகளில் எது அதிகம் ஜெயிக்கிறது என்று ஆடி ஆடிக் கற்க வேண்டும். மருந்து போட்டிருந்தபோது ஜெயிக்கிற குறியைப் பிடிப்பதில் கெட்டி, மருந்து இல்லாதபோது தோற்கிற குறியைத் தவிர்ப்பதில் கெட்டி. டோபமைன் மருந்தின் அளவுதான் பாடம் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதை மாற்றியது. உங்கள் அப்பா பாதிச் சேமிப்பை இழந்தும் மறுநாள் ஆடியதற்குத் திமிர் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பாட்டு:

பள்ளம் தூர்ந்த விஷயம் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மறைத்தாரே? போர்வைக்குள் வைத்து ஆடியதும் இல்லை என்று பொய் சொன்னதும் டோபமைன் கணக்கில் வருமா?

தாழம்பூ:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் நடந்தது என்பதால். என் அம்மாவும் மறைத்தார். அவருக்குச் சூதாட்டம் இல்லை, செருப்பு. ஒரே அளவு, ஒரே மாதிரி, பெட்டியைப் பிரிக்காமலேயே கட்டிலுக்கு அடியில் முப்பத்தி சொச்சம். மறைத்தார் என்றால் தப்பு என்று தெரிந்திருக்கிறது என்று அர்த்தம், தெரிந்தும் கையை நிறுத்த முடியவில்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் வேறு என்ன செய்வார் சொல்லுங்கள். வெட்கத்துக்கு மாத்திரை காரணம் இல்லை, அது அம்மாவுடைய சொந்த வெட்கம்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஒன்றரை வருடம் டாக்டரிடம் போய் வந்தோம். நடுக்கம் எப்படி, நடை எப்படி, தூக்கம் எப்படி, பத்து நிமிடம், அடுத்த தேதி. ஒரு தடவைகூட "வீண் செலவு செய்கிறீர்களா" என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் செருப்புக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லவில்லை. மாத்திரை தொடங்குகிற அன்றைக்கே வீட்டில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தால் போதும்.

கிணற்றடி, நீங்கள் போகும்போது அப்பா இல்லாமல் ஐந்து நிமிடம் டாக்டரிடம் பேசக் கேளுங்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், எப்போது டோஸ் ஏறியது, எப்போது ஆட்டம் தொடங்கியது என்று. பணத்தையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள், டோஸ் குறைந்தாலும் ஆசை ஒரே நாளில் அடங்குவதில்லை. வங்கிக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்துக்கு மாற்றுவதென்றால் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், ஒளித்துச் செய்தால் அம்மாவோடு நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள்.

வெயிலான்:

அந்தத் தாளை அம்மாவிடமும் காட்டுங்கள். "நடிச்சாரா" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

கிணற்றடி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தாளைப் பார்த்ததும் டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "இதை நான் முன்பே கேட்டிருக்கணும்" என்றார். பிராமிபெக்சோலைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள், லெவோடோபா வேளைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் மோசம், தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். இப்போது ராத்திரி போனைத் தானே கொண்டுவந்து என்னிடம் கொடுக்கிறார். ஒரு நாள் மட்டும் திரும்ப வந்து கேட்டார், கொடுக்கவில்லை, போய்ப் படுத்துவிட்டார்.

அம்மா தாளை வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு கடிகாரத்தைத் திரும்பப் பூட்டினார்கள், இரண்டு திருகாணி மிச்சம், ஆனால் ஓடுகிறது.

கை நடுக்கம் மட்டும் கூடியிருக்கிறது. பொத்தானுக்கு மறுபடியும் நான்தான். போன தடவை அப்பா டாக்டரிடம் "பழைய டோசே இருக்கட்டும், போனை வேணும்னா பூட்டி வைக்கிறேன்" என்று கேட்டார், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஏனென்றால் நடுங்குவது என் கை இல்லை. ஆழ்மூளைத் தூண்டல், அதாவது மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டுகிற அறுவை சிகிச்சை செய்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்கிறார்கள். இங்கே அதைச் செய்துகொண்டவர்கள், வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், முக்கியமாக அதற்குப் பிறகு ஆள் எப்படி இருந்தார் என்று.