கோ-4 புல் தின்னும் குதிரைக்கு எந்தத் தாது உப்பு? எங்கள் அனுபவம்

ஏற்காடு அடிவாரத்திலிருந்து:

செம்பியை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் வாங்கினேன். பெட்டைக் குதிரை, எடை 300 கிலோ இருக்கும். மாட்டுக்காகப் போட்டிருந்த கோ-4 புல்தான் அவளுக்கும். கூடவே ஊறவைத்த கொள்ளு, சாயங்காலம் இரண்டு கிலோ கோதுமைத் தவிடு. உடம்பு நன்றாகவே ஏறியது. ஏழெட்டு மாதத்தில் நொண்ட ஆரம்பித்தாள். ஒருநாள் முன்னங்கால், இன்னொரு நாள் பின்னங்கால். லாடத்தைக் கழற்றி மாட்டியும் பார்த்தாயிற்று. அப்புறம் மூக்குக்கு இரண்டு பக்கமும் எலும்பு புடைத்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருந்தது. "எலும்பிலிருந்து உருவித்தான் ரத்தம் தன் அளவைக் காப்பாற்றிக்கொள்கிறது" என்றார் கால்நடை மருத்துவர். கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால் குதிரையின் குடல் அதை உறிஞ்ச முடியாது. மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் என் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவிடு இன்னும் கெடுத்தது. குதிரைத் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்க வேண்டும். தவிட்டில் தலைகீழாகப் பாஸ்பரஸ்தான் பல மடங்கு.

அதற்கு முன்பே விலை கூடிய வெளிநாட்டுத் தாது உப்பு டப்பா ஒன்றை மூன்று மாதம் கொடுத்திருந்தேன். லேபிளைக் கணக்குப் போட்டால் ஒருநாள் அளவில் கால்சியம் இரண்டு கிராம்கூட இல்லை. இந்த எடைக்குச் சும்மா நிற்கும் குதிரைக்கே 12 கிராம் வேண்டும்.

மருத்துவர் சொன்னபடி தவிட்டை நிறுத்தினேன். கோ-4ஐப் பாதியாகக் குறைத்துச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் போட்டேன். குதிரைமசால் தினம் ஒரு கட்டு. தீவனக் கடையில் கோழிக்கு விற்கும் சுண்ணாம்புக்கல் தூள் 40 கிராம், அதில் 15 கிராம் கால்சியம் கிடைக்கும். உப்பு 20 கிராம். இரண்டையும் வெல்லத்தண்ணீர் தெளித்துக் கொள்ளில் பிசைந்து வைத்தால் மிச்சம் வைப்பதில்லை. நான்கு மாதத்தில் நொண்டல் போய்விட்டது. முகத்துப் புடைப்பு முழுதாக வற்றவில்லை.

ஆத்தூரிலிருந்து:

எங்கள் மட்டக்குதிரைக்குக் கோழித் தீவனத்தையே கலந்து கொடுக்கச் சொன்னார்கள், எல்லாத் தாதுவும் இருக்கிறதாம். நல்லவேளை மூட்டையைப் படித்தேன், மொனென்சின் என்று போட்டிருந்தது, கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் கலக்கும் மருந்து அது. குதிரையின் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே இதயத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். மாட்டுத் தாது உப்பு வாங்கினாலும் இது கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். செம்மண் ஒட்டிய புல்லில் இரும்பு தாராளம், தனியாகத் தேவையில்லை. குறைவது செம்பும் துத்தநாகமும்தான். 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் செம்பு 60, துத்தநாகம் 240 மில்லிகிராம் வேண்டும்.

ஓமலூரிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கம் வெள்ளைக்கல் சும்மாவே கிடைக்கிறது. அதைப் பொடித்துப் போடலாமா? கோ-4க்குப் பதில் கொழுக்கட்டைப்புல் போதுமா?

ஏற்காடு அடிவாரத்திலிருந்து:

வேண்டாம் தம்பி, அது மேக்னசைட் என்ற மக்னீசியக் கல், கால்சியம் இல்லை. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் கூடாது, வாய் வெந்துவிடும். கொழுக்கட்டைப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு. அருகம்புல் கிடைத்தால் அறுத்துப் போடு.