பத்து மணிக்கு பெஞ்சில் யார் இருக்கிறார்கள்? கிராமத்து உயர்நிலைப் பள்ளி அனுபவங்கள்

கிராமத்துச் சின்னப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் பதினோரு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸுக்கு வந்தவன் நான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தமே 58 பிள்ளைகள். அமெரிக்க ஃபுட்பால் அணிக்குப் பதினோரு பேர் தேறாது; இங்குள்ள சின்னப் பள்ளிகள் எல்லாம் ஆறு பேர் ஆடும் ஆட்டம்தான் ஆடும். பள்ளி நிர்வாகத்தின் தலைவரான சூப்பரின்டென்டென்டே காலையில் ஒரு பஸ் ஓட்டுவார்.

சேர்ந்த முதல் வாரம் அலுவலகத்தில் இருந்த அம்மா சொன்னார்: "எதை மறந்தாலும் பத்து மணி அட்டெண்டன்ஸை மறந்துவிடாதீர்கள்." நம் ஊரிலும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையெண்ணித்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகும். ஆனால் அது பதிவேட்டில் உள்ள பெயர்களின் கணக்கு. இங்கே பெயர் இருந்தால் போதாது, குறித்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். தினமும் எண்ணியதை எல்லாம் கூட்டி, பள்ளி நடந்த நாட்களால் வகுத்தால் வருகிற சராசரிக்குத்தான் மாநிலம் பணம் தரும்.

அப்போது அடிப்படைத் தொகை ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 6,160 டாலர். சின்ன டிஸ்ட்ரிக்ட் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) என்றால் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள். சராசரி 130-ஐ எட்டாமல், அடுத்த உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் பஸ் வழியில் 30 மைலோ அதற்கு மேலோ இருந்தால், 130 பேர் என்றே வைத்துக் கணக்கிடுவார்கள். எங்களிடம் கீழ் வகுப்புகளையும் சேர்த்தால் 200 பேர், அதனால் அந்தக் கை கொடுக்கும் ஏற்பாடு எங்களுக்கு இல்லை. சராசரியில் ஐந்து பேர் குறைந்தால் 30,800 டாலர் போச்சு. ஒரு புது ஆசிரியருக்கு மாநிலம் வகுத்திருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 33,660 டாலர்தான். ஐந்து பேர் வரவில்லை என்று பஸ் ஒரு மைல் குறைத்து ஓடுமா? ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி இதைத் தாங்கிக்கொள்ளும். எங்களுக்கு ஒரு வாரக் காய்ச்சலே பெரிய அடி. (வருகை முந்தைய வருட சராசரியைவிடப் பத்து சதவீதப் புள்ளிகள் விழுந்தால் அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எட்டு விழுந்தால் நஷ்டம் நம்முடையது.)

என் மனதை விட்டுப் போகாதவன் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். பிப்ரவரியில் மாடுகள் கன்று போடும் நேரம். விடியுமுன் எழுந்து பண்ணை வேலையை முடித்துவிட்டு, தானே வண்டி ஓட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு வருவான். மதியம் முழுக்க என் லேபில் கண் சிவக்க உட்கார்ந்திருப்பான். மாநிலக் கணக்கில் அன்று அவன் பள்ளிக்கு வரவில்லை. ஜனவரியில் அதே பையன் தன் கன்றைக் கால்நடைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போன இரண்டு நாளும் வந்ததாகவே எழுதினார்கள். அது பள்ளி ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியாம். அந்த விதி தப்பு என்று சொல்ல மாட்டேன்; என் மகள் தீபாவளிக்கு எடுத்த லீவும் மதப் பண்டிகை என்பதால் வருகையாகவே கணக்கானது. ஆனால் வீட்டில் கன்றைக் காப்பாற்றியவனுக்கு ஒரு வழி இருந்திருக்க வேண்டாமா?

மறுமொழி, கலிஃபோர்னியாவிலிருந்து:

படித்ததும் எழுதத் தோன்றியது, சார். நான் சியரா மலைப் பக்கம் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளியில் உதவி ஆசிரியை. இங்கேயும் வருகைக்குத்தான் பணம். 1998-க்கு முன்பு உடம்பு சரியில்லை என்று கடிதம் தந்தால் அந்த நாளும் கணக்கில் சேருமாம். இப்போது காரணம் எதுவானாலும் வராதது வராததுதான். தவிர்க்க முடியாத சிறு பள்ளி என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. உயர்நிலைப் பள்ளியானால் சராசரி வருகை 287-க்குக் கீழே இருக்க வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. அதில் தலைக்கு இவ்வளவு என்று கிடையாது. ஆசிரியர் எத்தனை பேர், வருகை எந்த வரம்புக்குள் என்று பார்த்து மொத்தமாகத் தருவார்கள். படிக்கட்டு மாதிரி. ஒன்றிரண்டு குடும்பம் ஊரைக் காலி செய்தால் ஒரு படி கீழே.

காட்டுத்தீப் புகையில் பள்ளியை மூடிய வருடம், எத்தனை நாள், ஏன் என்று ஜே-13ஏ படிவம் (அவசர நிலையில் இழந்த வருகையை ஈடுகட்டக் கேட்பது) நிரப்பி அனுப்பினோம். நாங்கள் மூடிய நாட்களுக்கு அது உதவும். பள்ளி திறந்த பிறகும் ஆஸ்துமா பிள்ளைகளை அம்மாக்கள் அனுப்பவில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அந்த நாட்கள் எல்லாம் எங்கள் வருகையிலிருந்து போயின.

அந்தப் பண்ணைப் பையன் படிப்பை முடித்தானா?

முதல் பதிவர்:

முடித்தான், மேடம். இங்கே 90 சதவீத நாட்கள் வராவிட்டால் அந்தப் பாடத்துக்கு கிரெடிட், அதாவது பாடத்தை முடித்ததற்கான அங்கீகாரம், தர மாட்டார்கள். ஒரு குழு கூடி, எப்படி ஈடுகட்டலாம் என்று சொல்லும். அவனை ஆறு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். ஆறு வாரமும் எட்டு மணிக்கே வந்துவிட்டான். நானும் கணக்கு ஆசிரியரும் கூட இருந்தோம். கிரெடிட் கிடைத்தது, மே மாதம் பதினான்கு பேரோடு தொப்பி போட்டுக்கொண்டு மேடை ஏறினான். அந்த ஆறு சனிக்கிழமைக்கும் பள்ளிக்கு மாநிலத்திலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை.