குடியை விட முன்வருபவரை முதலில் எங்கே அழைத்துப் போவது? திரும்பி வந்த பிறகு ஊர் என்ன செய்யலாம்?

ஊராட்சிக்கணக்கு:
வணக்கம். ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். இந்த மாதம் மூன்று வீடுகளில் சம்பந்தப்பட்டவர்களே "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, விட்டுடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மனசு மாறுவதற்குள் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும்.

முதலாமவர் கொத்தனார். தினம் இரண்டு குவார்ட்டர். காலையில் ஒரு கட்டிங் போடாமல் கரண்டி பிடிக்க முடியாது. இரண்டாமவருக்குச் சர்க்கரை, மாத்திரையும் ஓடுகிறது, குடியும் ஓடுகிறது. மூன்றாவது 22 வயசுப் பையன். அவனுக்கு மது இல்லை, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான்.

கேட்க வேண்டியவை: முதல் படி எது? ஒரு தனியார் இல்லம் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம், மூன்று மாதம் வீட்டார் பார்க்கக் கூடாது என்கிறது, சேர்க்கலாமா? "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் வரும் பொடி பயன்படுமா? திரும்பி வந்தபின் எங்கள் குழு செய்யக்கூடியது என்ன? குழுவிடம் பணம் கிடையாது, ஆட்கள் இருக்கிறார்கள்.

இரவுப்பணி:
கொத்தனாரிடமிருந்து தொடங்குகிறேன், மூவரில் ஆபத்து அதிகம் அவருக்குத்தான். குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீத சரக்கில் அது ஏறக்குறைய 61 கிராம் சுத்த ஆல்கஹால். இரண்டு என்றால் 120 கிராமுக்கு மேல். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. இப்படிப்பட்டவர் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

கடைசி மிடறுக்கு 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதைத் தாண்டி இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாத ஆள் தெரிவது, சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிடுங்குவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு. ஊரில் இதைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். இது உயிர் போகும் நிலை. 108 கூப்பிட வேண்டியது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒன்றும் நடக்காது, அந்த நேரத்தில் தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்திருந்தால் இந்த முறை இன்னும் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். அவரை உள்நோயாளியாகத்தான் சேர்க்க வேண்டும்.

எங்கே: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர். 2025-ல் அரசு தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையம் உங்கள் பக்கம் இருந்தால் அதுவும். அருகில் எது என்று தெரியாவிட்டால் 14446 (போதை மீட்பு உதவி எண்) அல்லது 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்), இரண்டுக்கும் கட்டணமில்லை. ஒன்றிய அரசின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன, அங்கே இடம் உண்டா என்றும் 14446-ல் கேளுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான்: குளோர்டயஸெப்பாக்சைடு அல்லது டயஸெபாம் போன்ற மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, 5 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோரஸெபாம். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி. தெரு முனை கிளினிக்கில் "தெம்புக்கு" குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். சத்தில்லாத குடிநோயாளிக்குத் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு வரலாம்: தள்ளாட்டம், கண் அசைவு மாறுவது, நிரந்தர மறதி. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே நிறுத்தப் பார்ப்பதும் வேண்டாம். அதன் மேல் அவர் ஒரு கட்டிங் போட்டால் மூச்சு அடங்கும்.

சர்க்கரைக்காரருக்கு ஒரு சிக்கல் கூடுதல். சர்க்கரை இறங்கினாலும் நடுக்கம், வியர்வை; குடி நிறுத்தினாலும் நடுக்கம், வியர்வை. பார்த்துச் சொல்ல முடியாது, விரலில் குத்திப் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் குடிப்பவருக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆதார், பழைய சீட்டுகள், வலிப்பு வந்த தேதி, கடைசியாகக் குடித்த நேரம், இந்த நான்கும் கையில் இருந்தால் ஓ.பி.யில் பாதி வேலை முடிந்தது.

வாய்தா:
அந்த வண்டி விஷயத்துக்கு மட்டும் நான். சேர்க்காதீர்கள்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வருகின்றன. ஆகவே இவர்களை உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருப்பது டிரஸ்ட் பதிவாகவோ யோகா சான்றிதழாகவோ இருக்கும், நன்றாகப் படித்துப் பாருங்கள்.

தானே வருகிறவர் பிரிவு 86-ன் கீழ் சேர்கிறார். வெளியே போக வேண்டும் என்று அவர் கேட்டால் விட வேண்டும். நிலைமை மோசம் என்று தோன்றினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம். அவர் முடிவெடுக்க முடியாத நிலையில், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருந்தால் பிரிவு 89. அதற்கு நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் பேச உரிமை பெற்றவரின்) விண்ணப்பம் வேண்டும், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதிகபட்சம் 30 நாள். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில், பெண் அல்லது சிறார் என்றால் 3 நாளில், தகவல் போக வேண்டும். மனைவி போனில் சொன்னார் என்று நாலு பேர் வந்து தூக்கிப் போவதற்கு இதில் எங்கேயும் இடமில்லை.

சங்கிலியில் கட்டுவது (பிரிவு 95), கட்டாய மொட்டை, கட்டாய வேலை, வீட்டாரோடு பேசவிடாமல் தடுப்பது எல்லாமே சட்ட விரோதம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநோயாளிகள் இல்லத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகிய 28 பேரை இந்தத் துறையில் இருக்கும் யாரும் மறக்கக் கூடாது. "மூன்று மாதம் பார்க்கக் கூடாது" என்கிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: மனநல மருத்துவர் யார், வாரத்தில் எந்த நாள் வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்? ரசீது தருவீர்களா? முதல் கேள்விக்கே "எங்க சார் எல்லாம் பார்த்துப்பார்" என்று பதில் வரும்.

பையன் வீட்டில் போலீஸ் பயம் இருக்கும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குப் போகலாம். விற்றவனுக்கு இது பொருந்தாது.

மருந்துச்சீட்டு:
பொடிக்கு வருகிறேன். அட்டையில் மூலிகை என்று போட்டிருக்கும். ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கும் இந்த வகைப் பொடிகளில் பயப்பட வேண்டியது டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் மருந்து) கலந்திருந்தால் என்பதுதான். அது மோசமான மருந்து அல்ல. தெரிந்து, சம்மதித்து, ஈரல் பரிசோதனை செய்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத் தொடங்கினால் வேலை செய்யும், பொதுவாகத் தினம் 250 மில்லிகிராம். "குடித்தால் ஆபத்து" என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் அதன் பலமே. தெரியாமல் ரசத்தில் கலந்தால் அந்த பலம் போய்விடுகிறது, ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. அவர் வழக்கம்போல இரண்டு குவார்ட்டர் போடுவார். முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து மயங்குவார். இதயம் பலவீனமாக இருந்தால் உயிர் போகலாம்.

முறையாகச் சாப்பிடுபவருக்கும் சொல்ல வேண்டியது: நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை இருக்கும். ஆல்கஹால் உள்ள இருமல் சிரப்பும் தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்களும் ஆகாது. மெட்ரோனிடசோல் கூடவே கூடாது.

குடி ஆசையைக் குறைக்க வேறு மாத்திரைகளும் உள்ளன. நால்ட்ரெக்ஸோன் தினம் 50 மி.கி. அகாம்ப்ரோசேட் 333 மி.கி., வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும். ஈரல் சுருங்கியவருக்கு பேக்லோஃபென் யோசிப்பார்கள். எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையனுக்கு நால்ட்ரெக்ஸோனை யாரும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. இப்படி ஊசியில் ஏற்றும் வலி மாத்திரைகளான டேபென்டடால், டிரமடால் எல்லாம் அபின் வகையைப் போல வேலை செய்பவை. அவை உடம்பில் இருக்கும்போது நால்ட்ரெக்ஸோன் போனால் ஒரேயடியாக உடம்பு முறுக்கி, வயிற்றுப்போக்கு, வாந்தி என்று துடித்துப்போவான். அவனுக்கு உரியது பியூப்ரெனார்ஃபின். அதையும் ஓரளவு முறுக்கல் தொடங்கிய பிறகே கொடுப்பார்கள். மாத்திரையில் இருக்கும் மாவுப்பொருள் கரையாது, நரம்பை அடைக்கும், கட்டி வரும். கையைத் திறந்து பாருங்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். மஞ்சள் காமாலை பி, சி சோதனையும் கேளுங்கள். சிகிச்சை முடிந்து வருபவனுக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. ஒரு மாதம் கழித்துப் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். இதை அவனிடம் நேராகவே சொல்ல வேண்டும், "மறுபடி போடுவேன் என்று நினைக்கிறீர்களா" என்று கோபித்துக்கொண்டாலும்.

ஊராட்சிக்கணக்கு:
ரொம்ப நன்றி. இப்போதுதான் விசாரித்தேன். கொத்தனார் வீட்டில் ஏற்கெனவே நாலு நாளாகப் பொடியைக் கலந்து கொடுத்திருக்கிறார்களாம். குடிக்கவும் செய்கிறார். என்ன செய்வது?

மருந்துச்சீட்டு:
பொடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு நாளையே மருத்துவமனைக்குப் போங்கள். குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதில் டைசல்ஃபிராம் இல்லாமலும் இருக்கலாம், அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. அவரிடமும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரம்மா பயப்படுவார், சீட்டு எழுதும் மருத்துவர் முன்னிலையில் சொன்னால் சண்டை குறையும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் 108.

திங்கள்கூட்டம்:
திரும்பி வந்தபின் என்ன செய்வது என்பதற்கு. நஞ்சு இறங்க ஒரு வாரம், பத்து நாள். சறுக்கல் அதிகம் வருவது அதன் பிறகான மூன்று மாதங்களில். உங்கள் குழுவுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்று. நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் சொல்கிறேன்: தவணையையும் குடியையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். "குடிச்சா அடுத்த கடன் கிடையாது" என்று தீர்மானம் போட்டால் மனைவி மறைக்கத் தொடங்குவார். மறைத்தால் உங்களுக்குச் செய்தி வருவது நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள், அவரிடம் மட்டும் தகவல், குழுக் கூட்டத்தில் பெயர் வரக் கூடாது.

கொத்தனார் என்றால் சனிக்கிழமை சம்பளம். சனி மாலை 4 மணியிலிருந்து கடை மூடும் 10 மணி வரைதான் கண்டம். மேஸ்திரியிடம் பேசி, கொத்தனாரின் சம்மதத்தோடு, கூலியை மனைவி கணக்கில் போடச் சொல்லலாம். அவருக்குத் தெரியாமல் செய்தால் அவமானத்திலேயே போய்க் குடிப்பார். காதுகுத்து, கெடா விருந்து, எழவு வீடு ஆகியவற்றின் தேதியை முன்கூட்டியே குறித்துவைத்து, குடிக்காத ஒருவரைக் கூட அனுப்புங்கள், சாப்பிட்டதும் கிளம்பிவிட வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் எது அன்றைக்கு என்று கேட்டால் ஆளே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது. மறுநாள் காலையிலேயே மருத்துவமனை. நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் வீட்டில் நிறுத்த வேண்டாம், மேலே சொன்ன வலிப்புக் கணக்கு மறுபடி முதலிலிருந்து வரும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்து ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது, இங்கே தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் இல்லை, குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும். குடும்பத்தாருக்கு ஆல்-அனான் தனி. ஒரு எச்சரிக்கை: அங்கே யாராவது "மாத்திரையும் போதைதான், நிறுத்து" என்றால் கேட்க வேண்டாம், அது அந்த அமைப்பின் கொள்கை இல்லை.

ஊரிலேயே சிகிச்சை நடக்காதா என்று அடுத்து கேட்பீர்கள். நடந்திருக்கிறது. சென்னை டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை (1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது) 1980-களின் கடைசியிலிருந்து திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம் நடத்தி வந்தது. ஊர்க் கட்டடம், ஊர்ச் சமையல், குடும்பத்துக்கும் ஆலோசனை. ஆனால் மருத்துவரும் இரவு செவிலியரும் இல்லாமல் அதைப் பார்த்துச் செய்யக் கூடாது. வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலைக்காரர், குழப்பம் வந்தவரை முகாமில் சேர்க்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டில் அடி உதை இருந்தால் அதைக் குடியோடு சேர்த்துப் பேச வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம். குடி நின்றால் அடியும் தானாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஊராட்சிக்கணக்கு:
கடைசியாக ஒன்று. மருத்துவமனை 40 கிலோமீட்டர். "குடிக்காமல் கூட்டி வாங்க" என்கிறார்கள். காலை 5 மணி பஸ்ஸில் அவருக்கு நடுக்கம் வந்தால்?

இரவுப்பணி:
போதையில் வந்தால் பேச முடியாது என்பதால் அப்படிச் சொல்வார்கள். ஆனால் முதல் நாள் சாயங்காலமே அடியோடு நிறுத்தி, மறுநாள் பஸ்ஸில் வலிப்பு வரவழைக்க வேண்டாம். தினம் குடிப்பவர் மருத்துவர் பார்க்கும்வரை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. அதற்காகக் கூடுதலாகவும் வேண்டாம். முந்தின இரவு வயிறு நிறையச் சோறு. இரண்டு பேர் கூடப் போங்கள், ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒருவர் வெளிப்பக்கம். தண்ணீர், துண்டு, பிளாஸ்டிக் பை. கை மட்டும் நடுங்கினால் பயணத்தைத் தொடரலாம். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், வலிப்பு வந்தால் வழியிலேயே இறங்கி 108. ஓ.பி. சீட்டு காலையில்தான் தருவார்கள். நேரம் தவறிவிட்டால் "நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுத் திரும்பிவிடாமல் அவசரப் பிரிவுக்குப் போய், தினம் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, இந்த இரண்டையும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.