ரவர் இல்லாத காலத்தில் காருக்குள் ரெலிபோன் எப்படி வேலை செய்தது?

கொக்குவிலான்:
வணக்கம். 50, 60களில் எடுத்த அமெரிக்கப் படங்களில் காசுக்காரர் யாராவது பின் சீற்றில் சாய்ந்தபடி ரிசீவரைத் தூக்கிப் பேசுவார், பார்த்திருப்பீர்கள். பெரியப்பா அது உண்மையான போன் என்கிறார், சித்தப்பா படத்துக்குச் செய்த சோடனை என்கிறார், வீட்டில் ஒரே புடுங்குப்பாடு. செல்போன் இலங்கைக்கு வந்ததே 1989இல், எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகுதான். அப்படியிருக்க, ரவரே இல்லாத காலத்தில் ஓடுகிற காருக்கு எப்படிக் கோல் எடுத்தார்கள்? சற்றலைற்றா?

பழைய வயர்மன்:
பெரியப்பா சொன்னதுதான் சரி. சற்றலைற் இல்லை, ரேடியோ. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவில் சென்ற் லூயிஸ் நகரில் பெல் என்ற ரெலிபோன் நிறுவனம் இதைத் தொடங்கியது. படத்தில் தெரிகிற ரிசீவர் முன்னுக்கு வைப்பதற்கு மட்டும்தான், உண்மையான செற் டிக்கிக்குள் கிடக்கும், எல்லாம் சேர்த்து 36 கிலோ அளவு. வால்வு, அதாவது பழைய ரேடியோக்களில் சூடாகி எரிகிற கண்ணாடிக் குழாய், போட்ட செற், அதனால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தால் பற்றரி இறங்கிவிடும்.

கோல் எடுக்கிற விதம் இதுதான்: முதலில் சனலை, அதாவது எல்லாரும் பங்கு போட்டுப் பாவிக்கிற ரேடியோ அலைவரிசையை, கேட்டுப் பார்க்க வேண்டும், வேறு யாரும் கதைத்துக்கொண்டிருந்தால் பொறுத்திருக்க வேண்டியதுதான், சும்மா இருந்தால் பட்டனை அமத்தினால் ஒபரேற்றர் வருவார், அவரிடம் நம்பரைச் சொன்னால் சாதாரண லைனோடு கொளுவி விடுவார். கொழும்புக்கு ட்ரங்க் கோல் புக் பண்ணிக் காத்திருந்த எங்கட வயதுக்காரருக்கு இது ஒன்றும் புதினமாக இராது. கதைக்கும்போது பட்டனை அமத்திப் பிடிக்க வேண்டும், கேட்பதற்கு விட வேண்டும். வெளியிலிருந்து காருக்கு யாராவது எடுத்தால் ஒபரேற்றர் அந்தக் காருக்குரிய இலக்கத்தை அனுப்புவார், அந்தச் செற்றில் மட்டும் மணி அடித்து லைற் பத்தும்.

நல்லூர்ப் பெடியன்:
அப்ப இது வோக்கிடோக்கிதானே! சித்தப்பாவுக்கும் பாதி வெற்றி 😀

பழைய வயர்மன்:
இல்லைத் தம்பி. வோக்கிடோக்கியில் அதே செற் வைத்திருக்கிறவரோடுதான் கதைக்கலாம். இதில் ஊரில் எந்த வீட்டுப் போனோடும் கதைக்கலாம், அந்த வீட்டுக்காரர் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. அதோடு 60களின் நடுப்பகுதியில் புது முறை வந்துவிட்டது. சும்மா கிடக்கிற சனலைச் செற் தானே தேடிப் பிடிக்கும், நீங்களே டயல் பண்ணலாம், பட்டன் அமத்துகிற வேலையும் இல்லை. சுவீடன்காரர் அதற்கும் முன்னமே, 1956இல், ஸ்ரொக்ஹோமிலும் கோத்தன்பேர்க்கிலும் ஒபரேற்றர் இல்லாமலே ஓட்டிக் காட்டினார்கள்.

ஹம் நகரத்து அக்கா:
நான் ஜேர்மனியில். வந்த புதிதில் வேலை செய்த இடத்து முதலாளியின் காரில் 'பி நெற்ஸ்' என்று சொல்லுகிற போன் இருந்தது. 1972இல் தொடங்கி 1994 வரை ஓடிய முறை. அதில் ஒரு விசர் வேலை என்னவென்றால், காரில் இருக்கிறவருக்கு நாங்கள் எடுப்பதானால் கார் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இடத்துக்கு இடம் கோட் வேறு! முதலாளி வெளிக்கிடும்போது எந்தப் பாதையால் போகிறார் என்று சொல்லிவிட்டுப் போவார், நாங்கள் நேரத்தைப் பார்த்து இப்ப இவ்வடியில் நிற்பார் என்று கணக்குப் போட்டு எடுப்போம், பிழைத்தால் அடுத்த கோட்டை அடித்துப் பார்ப்போம். கதைத்துக்கொண்டே ஒரு பகுதியைத் தாண்டினால் கோல் அறுந்துவிடும். இதற்கு முந்தின 'ஏ நெற்ஸ்' 1958இல் வந்தது, முழுக்க ஒபரேற்றர்தான். அந்தச் செற்றின் விலை ஒரு புது வொக்ஸ்வாகன் பீற்றிலை விடக் கூடவாம்.

கொக்குவிலான்:
அக்கா, வாசித்துச் சிரித்து முடியவில்லை. வயர்மன் ஐயா, இன்னொரு கேள்வி. 1946இலேயே இருந்தது என்றால் ஏன் பரவவில்லை? விலைதான் காரணமா?

பழைய வயர்மன்:
விலையும் காரணம். ஆனால் காசு வைத்திருந்தவனுக்கும் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 70களின் நடுப்பகுதியில் நியூயோர்க் முழுவதுக்கும் பெல்லிடம் இருந்தது 12 சனல். 543 பேருக்குத்தான் இணைப்பு, 3,700 பேர் வரிசையில். அந்த 543 பேரிலும் ஒரே நேரத்தில் 12 பேர்தான் கதைக்கலாம்.

யாழ்ப்பாணத்தை வைத்தே சொல்கிறேன். பட்டணத்தில் ஒரு உயரமான அன்ரெனா, பருத்தித்துறைக்கும் ஊர்காவற்றுறைக்கும் எட்டுகிற மாதிரிப் பலமான செற். இப்ப காரைநகரில் ஒருவர் ஒரு சனலைப் பிடித்துவிட்டால் அவர் கதைத்து முடிக்கும்வரை சாவகச்சேரியில் நிற்கிறவர் அதைத் தொட முடியாது, குடாநாடு முழுக்க அந்த ஒரு கோலுக்கே போய்விடும். இதற்குப் பதிலாகக் கோப்பாயில் ஒன்று, சுன்னாகத்தில் ஒன்று, கொடிகாமத்தில் ஒன்று என்று சின்னச் சின்ன ரவர்களைக் குறைந்த பலத்தில் போட்டால், பக்கத்துப் பக்கத்து ரவர்களுக்கு வேறு சனல், தூர உள்ளதுக்குத் திரும்ப அதே சனல் என்று பாவிக்கலாம். செல் என்பது இந்தச் சின்ன வட்டாரம்தான். பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் ரிங் என்பவர் 1947 டிசம்பரிலேயே இதை எழுதி வைத்துவிட்டார். ஆனால் ஓடுகிற காரைக் கதை அறாமல் ஒரு ரவரிலிருந்து அடுத்ததுக்கு மாற்றிக் கொடுக்கக் கணினி வேண்டும், அலைவரிசை ஒதுக்க அரசாங்கமும் மனம் வைக்க வேண்டும். அமெரிக்காவில் அரசாங்கம் மனம் வைத்த வேகம் உங்களுக்குத் தெரியும்தானே, 1983இல்தான் சிக்காகோவில் செல்போன் வந்தது. யப்பான்காரர் 1979இலேயே தோக்கியோவில் தொடங்கிவிட்டார்கள், அதுவும் முதலில் கார் போன்தான்.

நல்லூர்ப் பெடியன்:
அந்தப் பழைய சனலை வேறு ஆட்கள் ஒட்டுக் கேட்கலாமா?

பழைய வயர்மன்:
தாராளமாக. அந்த அலைவரிசை எடுக்கிற ரேடியோ ஒன்று இருந்தால் போதும், பூட்டு ஒன்றும் இல்லை. காத்துக்கொண்டிருக்கிற மற்றச் சந்தாதாரருக்கோ ரேடியோவும் தேவையில்லை, சனல் சும்மா இருக்கிறதா என்று பார்க்கிற சாட்டில் முழுக் கதையையும் கேட்டுவிடுவார்கள்.