பொருள்: ஊசிஸ்ட்டுக்குத் தமிழ்ச்சொல் (வான்கோழி அட்டவணை, வெள்ளிக்குள் வேண்டும்)

க. எழுதியது, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

பறவை ஒட்டுண்ணிகள் பற்றிய ஆய்வகக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வான்கோழி அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. வான்கோழியின் குடலைத் தாக்கும் எய்மீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் ஏழு இனங்களை எப்படிப் பிரித்தறிவது என்று பக்கம் முழுக்க ஓர் அட்டவணை. கட்டத்துக்குக் கட்டம் ஊசிஸ்ட் (oocyst, எச்சத்தில் வெளிவரும் ஒட்டுண்ணியின் ஓடு கட்டிய நிலை): ஊசிஸ்ட் நீளம், ஊசிஸ்ட் சுவர், ஊசிஸ்ட் வடிவம். அப்படியே எழுதி ஒரு மாணவரிடம் படிக்கக் கொடுத்தேன். "இது ஊசி மாதிரி கூராக இருக்குமா சார்?" என்று கேட்டார். முட்டை வடிவத்தில் இருக்கும் ஒன்றுக்கு இப்படி ஒரு பெயர்!

பேசாமல் 'முட்டை' என்றே போட்டுவிடலாமா? எய்மீரியாவால் வரும் காக்சிடியோசிஸ் நோய்க்கு 'ரத்தக்கழிச்சல்' என்று எழுதியிருக்கிறேன். அதில் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

வ. எழுதியது, திங்கள் மதியம்

தம்பி, இரண்டிலும் சிக்கல்தான்.

முட்டை வேண்டாம். எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதே கண்ணாடியில் உருளைப்புழு முட்டையும் கிடக்கும். குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராக்கிஸ் புழுவின் முட்டைக்குள்தான் ஹிஸ்டோமோனாஸ் என்ற இன்னோர் ஒட்டுண்ணி ஒளிந்து பரவுகிறது, அதுவும் வான்கோழியைக் கொல்லும். இரண்டையும் 'முட்டை' என்று எழுதினால், எதைப் பார்த்தோம் என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? ஊசிஸ்ட் என்பது ஆணணுவும் பெண்ணணுவும் கூடிய பிறகு தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்ட ஒற்றைச் செல். புழு முட்டையோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

ரத்தக்கழிச்சல் அதைவிட மோசம். கோழிக்கு எய்மீரியா டெனெல்லா வந்தால் ரத்தம் கொட்டும், பெயர் அங்கே பொருந்தும். வான்கோழியில் ரத்தம் அபூர்வம். தண்ணீராகவோ சளியாகவோ போகும், எய்மீரியா அடினாய்டஸ் இனம் என்றால் குருட்டுக்குடலில் வெண்மையாகக் கட்டி கட்டியாக அடைத்திருக்கும். பெயரை நம்பி ரத்தத்தைத் தேடுகிறவர், குஞ்சுகள் சாகும் வரை தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. கோழியின் எய்மீரியா வான்கோழிக்கு வராது, வான்கோழியுடையது கோழிக்குப் போகாது. பொதுப்பெயர் வைத்து இரண்டையும் ஒரே நோயாக்கினால் கோழித் தீவனத்தை வான்கோழிக்கு வைப்பார்கள். அதில் இந்த நோய்க்கு எதிராகக் கலக்கும் சாலினோமைசின் மருந்து வான்கோழிக்கு நஞ்சு.

பு. எழுதியது, திங்கள் இரவு

சூற்கூடு.

சூல் என்றால் கரு. கூடு என்றால் உயிர் தங்கும் உறை. சூலினது கூடு, ஆறாம் வேற்றுமைத்தொகை. வேற்றுமையில் லகரம் வல்லினத்தின் முன் றகரமாகும் என்பதைப் பாற்குடம் சொல்லித்தந்திருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. அரைவைப்பையில் ஓடு நொறுங்கி, பித்தநீரும் நொதியும் பட்டு உள்ளிருப்பவை வெளியேறிக் குடல் செல்லுக்குள் நுழைகின்றனவே, அதற்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாயிற்று: கூடு விட்டுக் கூடு பாய்தல்.

ஆ. எழுதியது, செவ்வாய் காலை

ஐயா, கடைசி வரியை ரசித்தேன். ஆனால் பால்குடம் என்றுதான் இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். சூற்கூடு என்று போட்டால் என் வகுப்பில் பாதிப்பேர் 'சூறைக்கூடு' என்று வாசிப்பார்கள்.

புணர்ச்சியை விடுங்கள். பொருளிலேயே இடிக்கிறது. தாவரவியல் பாடத்தில் சூல் என்பது கருவுறுவதற்கு முந்தைய நிலை, கருவுற்றால்தான் அது விதை. டாக்டரக்கா வ. சொல்வதோ கருவுற்ற பின்பு உண்டாவது. ஒரே மாணவர் காலையில் ஒரு சூல், மாலையில் வேறு சூல் படிக்க வேண்டுமா?

பு. எழுதியது, செவ்வாய் மதியம்

'சூல்கொண்ட மேகம்' என்கிறோம். அந்த மேகம் கருவுற்றதா, கருவுறாததா? தாவரவியலார் சொல்லைக் குறுக்கிக்கொண்டதற்குச் சூல் என்ன செய்யும்?

ர. எழுதியது, செவ்வாய் மாலை

நண்பர்களே, வேரை விட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எய்மீரியா அடங்கிய ஒட்டுண்ணிக் கூட்டத்தின் பெயரான காக்சிடியா என்பதன் மூலம் கிரேக்கத்தில் 'கொக்கோஸ்', அதாவது மணி, கொட்டை. பழந்தமிழில் 'கொக்கு' என்றால் மாமரம். மாவுக்குள் கொட்டை. போதாதா? 'கொக்குயிரி' என்று வைத்தால் சொல் தாய்வீட்டுக்கே திரும்பிவிடும்.

கூடவே இன்னொன்று. வான்கோழிக்கு அறிவியல் பெயர் மெலியாக்ரிஸ் கலோபாவோ. மெலியாக்ரிஸ் கிரேக்கர்களுக்குக் கினிக்கோழி, கலோபாவோ இலத்தீனில் 'சேவல்மயில்'. நம் ஔவையும் மயிலுக்குப் பக்கத்தில்தான் வான்கோழியை நிறுத்தினாள். தற்செயலா?

ஆ. எழுதியது, செவ்வாய் இரவு

தற்செயல்தான். இன்று நாம் வான்கோழி என்கிற பறவை அமெரிக்கக் கண்டத்துக்காரர், கடல் கடந்து வந்ததே 16ஆம் நூற்றாண்டில். வெண்பாவில் ஆடியது எந்தப் பறவை என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். 'கொக்குயிரி' என்றால் பிள்ளைகள் குளத்தைத்தான் பார்ப்பார்கள்.

க. எழுதியது, புதன் காலை

வெள்ளிக்கிழமை நெருங்குகிறது என்பதை நினைவூட்டுகிறேன். ஒரு துணைக்கேள்வி: இனப்பெயர்களையும் தமிழாக்க வேண்டுமா? பு. ஐயா தனிமடலில் ஆக்கச் சொல்கிறார்.

வ. எழுதியது, புதன் மதியம்

ஆக்கிப் பார். மெலியாக்ரிடிஸ் என்றால் வான்கோழியினுடையது. கலோபவோனிஸ் என்றாலும் வான்கோழியினுடையது. மெலியாக்ரைமைட்டிஸ் என்பதன் முன்பாதியும் வான்கோழி, பின்பாதி இலத்தீனில் 'மென்மையான'. நோயில் மென்மை ஒன்றும் இல்லை, குஞ்சுகளை வீழ்த்துவதில் அதுவும் முன்வரிசை. மூன்றையும் தமிழாக்கினால் மூன்றும் 'வான்கோழி எய்மீரியா'. இனங்களைப் பிரித்தறியும் அட்டவணை அத்தோடு முடிந்தது. இன்னோகுவா மட்டும் 'தீங்கற்றது' என்ற பேருக்கேற்ப நடந்துகொள்கிறது. ஒலிபெயர்ப்பே போதும்.

அட்டவணையிலும் ஒரு குறிப்பு சேர்த்துக்கொள். அடினாய்டஸ், கலோபவோனிஸ், மெலியாக்ரிடிஸ் மூன்றும் நீள்வட்டம், மூன்றும் ஏறக்குறைய 25 மைக்ரான். அளவை வைத்து மட்டும் பெயர் சொல்ல முடியாது. குடலில் எங்கே காயம் என்று பார்க்க வேண்டும்: மெலியாக்ரைமைட்டிஸ் சிறுகுடலின் மேல்பகுதி, அடினாய்டஸ் முக்கியமாகக் குருட்டுக்குடல், கலோபவோனிஸ் சிறுகுடலின் கடைசியும் மலக்குடலும். அப்படியும் சந்தேகம் என்றால் பிசிஆர் என்ற மரபணுச் சோதனைதான். பண்ணைகளில் இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்தே வரும், அதையும் எழுது.

அப்புறம், புதிய எச்சத்தில் கிடைப்பதும் இரண்டு நாள் வைத்திருந்ததும் ஒன்றல்ல. பொட்டாசியம் டைக்ரோமேட்டில் போட்டுக் காற்றுப்பட வைத்தால் உள்ளே நான்கு பைகள் உருவாகும், பைக்கு இரண்டாக எட்டு உயிரிகள். இதுதான் எய்மீரியாவின் கையெழுத்து. வான்கோழியில் வரும் வேறோர் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் மெலியாக்ரிடிஸில் பையே கிடையாது, நான்கு உயிரிகள் வெறுமனே கிடக்கும். அளவும் 5 மைக்ரான்தான். எய்மீரியா ஊசிஸ்ட்டின் பை உருவாகாத, பை உருவான இந்த இரண்டு நிலைக்கும் சொல் வேண்டும்.

ஆ. எழுதியது, புதன் மாலை

விளையாதது, விளைந்தது. நெல்லுக்குச் சொல்கிற மாதிரி. விளைந்தால்தானே நோய் தொற்றும்?

வ. எழுதியது, புதன் மாலை

ஆமாம், விளைந்ததுதான் தொற்றும். நல்ல சொல், எனக்குப் பிடித்திருக்கிறது.

பு. எழுதியது, புதன் இரவு

எனக்கும் மறுப்பில்லை. குறித்துக்கொள்ளுங்கள், இந்த இழையில் இதுவே முதல் உடன்பாடு. உள்ளிருக்கும் பைக்கு 'வித்துறை' என்கிறேன்.

ஆ. எழுதியது, வியாழன் காலை

வித்துறையா? அது எந்தத் துறை ஐயா?

க. எழுதியது, வெள்ளி காலை

இன்று அனுப்பியாக வேண்டும். வந்த மடல்களை எண்ணினேன்: சூல்கூடு (ற் இல்லாமல்) ஆறு பேர், ஊசிஸ்ட் நான்கு, சூற்கூடு இரண்டு, கொக்குயிரி ஒன்று. சூல்கூடு என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஊசிஸ்ட்டையும் சேர்த்திருக்கிறேன். விளையாத சூல்கூடு, விளைந்த சூல்கூடு. நோய்க்குக் காக்சிடியா நோய். உள்ளே இருப்பது 'உள்பை', மன்னிக்கவும் ஐயா, வேறு வழி தெரியவில்லை. இனப்பெயர்கள் ஒலிபெயர்ப்பு. எல்லோருக்கும் நன்றி.

வ. எழுதியது, வெள்ளி மாலை

நன்றி தம்பி. ஆனால் எச்சம் பார்த்து எழுதும் அறிக்கையில் நான் ஊசிஸ்ட் என்றுதான் எழுதுவேன், கைப்பழக்கம். சூல்கூட்டை வகுப்பில் பிள்ளைகள் பழக்கட்டும்.

பு. எழுதியது, சனி அதிகாலை

அனுப்பிவிட்டீர்கள் என்று பார்த்தேன். மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்கிறேன். சூற்கூடு. மேலும், 'உள்பை' என்று எழுதுவதாக இருந்தாலும் அது உட்பை.