யாழ்ப்பாணத்தில் றோலர் ஸ்கீ ஓட நல்ல றோட்டு எது?

வட்டுக்கோட்டைப் பேத்தி | யூலை 4

வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமானது, சிரிக்காமல் வாசியுங்கள்.

பதினொரு வயது வரை வட்டுக்கோட்டையில் வளர்ந்து, பிறகு அப்பாவிடம் நோர்வேக்குப் போனவள் நான். இப்போது 24. இருப்பது ட்ரொம்சோவில், நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப முகம் காட்டும் ஊர். போன முதல் மாரியில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஸ்கீயில் பறக்க, நான் மட்டும் விழுவதும் எழும்புவதுமாக இருந்தேன். அந்த ரோசம் இன்னும் தீரவில்லை. ஒன்பது வருடமாகப் போட்டிகளில் ஓடுகிறேன்.

ஸ்கீ என்றதும் மலையுச்சியிலிருந்து வழுக்கி இறங்குவதை நினைக்க வேண்டாம். என்னுடையது லாங்றென். மெல்லிய நீள ஸ்கீ, குதிக்கால் தூக்கலாம், இரண்டு கையிலும் தடி. ஏற்றமோ சமதரையோ, சொந்தக் கை கால் பலத்தில்தான் போக வேண்டும். வருகிற மார்ச்சில் பிர்க்கபைனர் ஓட்டம் ஓடப் போகிறேன். றேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றர், முதுகில் 3.5 கிலோவுக்குக் குறையாத பை. 1206இல் இரண்டு வீரர்கள் ஒரு குழந்தை இளவரசனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, பனிமலை கடந்து தூக்கிப் போனார்களாம். அந்தக் குழந்தைக்குப் பதிலாகத்தான் பை.

மார்ச்சுக்கு இப்போதே என்ன அவதி என்று கேட்பீர்கள். எங்கள் பயிற்சி வருடம் மே மாதம் பிறக்கிறது. பனி இல்லாத மாதங்களில்தான் உடம்பைக் கட்டுவது. பனிக்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கம் எடுத்த மாரித் ப்யோர்கென் தன் உச்சக் காலத்தில் வருடத்துக்கு 900 மணிநேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர். அதில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய மெதுவான ஓட்டம். என் கணக்கு 520 மணிநேரம்தான். ஆனாலும் யூலையிலும் ஓகஸ்ட்டிலும் ஐந்து கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், பெப்ரவரியில் அது தெரியும்.

அதனால் றோலர் ஸ்கீயைக் கொண்டு வந்திருக்கிறேன். முக்கால் மீற்றர் அளவு அலுமினியச் சட்டம், முன்னுக்கும் பின்னுக்கும் றப்பர்ச் சில்லு. பிறேக் கிடையாது. தடியின் நுனியில் காபைட் கூர். அது தாரில் குத்தும், கொங்கிறீற்றில் வழுக்கும். அம்மம்மா வீட்டு ஒழுங்கை முழுக்கக் கொங்கிறீற். முதல் நாள் வாசலில் கட்டிக்கொண்டு நின்றபோது அம்மம்மா பார்த்துவிட்டுக் கேட்டா: "கால் முறிஞ்சவைதானே பிள்ளை ரெண்டு தடி பிடிக்கிறது. உனக்கு என்ன வந்தது?"

சரி, கேள்விக்கு வருகிறேன். வட்டுக்கோட்டைக்குக் கிட்ட, குழியில்லாத, வாகனம் குறைந்த நீளமான தார் றோட்டு எது? ஏற்றம் என்று சொல்ல எங்கேயாவது ஒரு திட்டியாவது உண்டா? அப்புறம் இந்த வெய்யில். நேற்று முக்கால் மணிநேரம் மெதுவாக ஓடினேன். ட்ரொம்சோவில் 135இல் நிற்கிற நாடித்துடிப்பு இங்கே 158.

---

தீவுப்பக்கத்தான் | யூலை 4

தங்கச்சி, நான் சைக்கிள்காரன். பதினைந்து வருடமாக விடியப்புறம் இந்த றோட்டுகளில்தான் திரிகிறேன்.

உங்களுக்குக் கிட்ட இருப்பது பொன்னாலைப் பாலம். பொன்னாலையிலிருந்து காரைநகருக்குக் கடலுக்குள்ளால் போகிற தாம்போதி. இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர், வளவும் இல்லை, குறுக்கே வந்து ஏறுகிற ஒழுங்கையும் இல்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான். ஐந்தரைக்குள் ஏறிவிடுங்கள். ஏழு மணிக்குப் பிறகு பஸ்காரர் நேரம் பிடிக்க ஓடுவார்கள். அந்த நேரம் நான் சைக்கிளிலேயே போவதில்லை. இன்னொன்று, இங்கே இடப்பக்கம். நோர்வேப் பழக்கத்தில் வலப்பக்கம் போய் நிற்காதீர்கள்.

ஏற்றம் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. மலை என்று பெயர் வைத்த ஒரே இடம் கீரிமலை, அங்கே போனால் கேணிதான் இருக்கிறது. ஆனால் எங்களிடம் சோழகம் இருக்கிறது. மே கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. யாழ்ப்பாணக் கோட்டையடியிலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்ப் பாருங்கள், நேர் நெஞ்சில் அடிக்கும். சைக்கிளில் கடைசிக் கியரில் இருந்தவன் முதல் கியருக்கு வந்துவிடுவான். எங்களுக்கு மலை அதுதான், மலையைப்போல ஒரு இடத்தில் நிற்காது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது முதுகில் பிடித்துத் தள்ளும். பிறேக் இல்லை என்கிறீர்கள், அந்த நேரம் கவனம்.

நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தடி பார்த்தால் பயப்படுமா, கோபப்படுமா என்று எனக்கே தெரியவில்லை. எழுதுங்கள்.

---

சும்மா ஒருவன் | யூலை 5

பனியே இல்லாத ஊருக்கு வந்து பனி விளையாட்டா? ஐந்து கிழமை லீவில் நல்லூரானைக் கும்பிட்டு, கூழ் குடித்து, நித்திரை கொண்டுவிட்டுப் போங்கள். காலில் சில்லுக் கட்டிக்கொண்டு றோட்டில் போனால் சனம் வேடிக்கை பார்க்கும்.

---

கொக்குவில் தாதி | யூலை 5

சும்மா ஒருவன், சனம் எதைத்தான் வேடிக்கை பார்க்கவில்லை? 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்குநீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி நீந்தினார், 51 மணிநேரம். தொங்கா என்ற வெப்பத்தீவுக்காரர் பீட்டா றோலர் ஸ்கீயில் பழகி 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 15 கிலோமீற்றர் ஓடினார். 114ஆவதாக வந்தார், ஆனால் ஓடி முடித்தார். தொங்காவில் என்ன பனியா கொட்டுகிறது?

பிள்ளை, உம்முடைய நாடித்துடிப்பு ஏறியதற்குக் காரணம் உண்டு. தோலைக் குளிர்விக்க இரத்தம் மேலுக்கு ஓடுகிறது, வியர்வையில் நீர் போகிறது, மிச்ச இரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் கூடத் தரம் அடிக்கிறது. உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். பழகினால் இரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வியர்வை முந்தியே வரும், துடிப்பு இறங்கும். அதுவரை வேகத்தைப் பார்க்காதீர், துடிப்பைப் பார்த்து ஓடும். முதல் கிழமை பாதி நேரம் போதும்.

ஓட முன்னும் பின்னும் நிறை பாரும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது என்று கணக்கு. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது, உப்பும் போகிறதல்லவா. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர் குடியும், இல்லையென்றால் பார்மசியில் ஜீவனி என்ற உப்புச் சீனித் தூள் வாங்கிக் கரையும். தலை சுற்றி, கூதல் பிடித்து, கதை தடுமாறினால் அந்த இடத்திலேயே நிழலில் இருந்து தலையில் தண்ணீர் ஊற்றும். வீடு கிட்டத்தானே என்று ஓடக் கூடாது. வார்ட்டில் இருபத்தாறு வருடம் நின்றவள் சொல்கிறேன், "வீடு கிட்டத்தானே" என்று நடந்தவர்களைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

---

மணற்காட்டான் | யூலை 7

ஏற்றம் தேடுகிற தங்கச்சிக்கு: எங்கள் ஊருக்கு வாருங்கள். வடமராட்சி கிழக்கு, வல்லிபுரக் கோயில் தாண்டி மணற்காடு. மணல் திட்டி ஒன்றா இரண்டா! பழைய அந்தோனியார் கோயிலே மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. சின்னனில் அந்தத் திட்டிகளில் ஏறி விளையாடித்தான் எங்களுக்குக் கால் இறுகியது. ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே இழுக்கும்.

அந்தத் தடி ஊன்றுகிற வேலையின் வீடியோ ஒன்று பார்த்தேன். எங்கள் மாமா களப்புக்குள் வள்ளம் தள்ளுவது அப்படியே இதுதான். எஞ்சின் போட முடியாத ஆழத்தில் கம்பை ஊன்றி, அதன்மேல் உடம்பைச் சாய்த்துத் தள்ளுவார். கையால் தள்ளுகிறவன் அரை மணியில் களைப்பான், வயிற்றால் தள்ளுகிறவன் நாள் முழுக்கப் போவான் என்பார். உங்கள் விளையாட்டிலும் அப்படித்தானா?

---

வட்டுக்கோட்டைப் பேத்தி | ஓகஸ்ட் 6

எல்லோருக்கும் பதில் சொல்ல ஒரு மாதம் எடுத்துவிட்டேன், மன்னியுங்கள். ஓடிவிட்டு வந்து, அம்மம்மா தருகிற பழஞ்சோற்றைச் சாப்பிட்டால் பிறகு எழுதுகிற நிலையில் இருப்பதில்லை.

மணற்காட்டான் அண்ணை, உங்கள் மாமாவின் வசனத்தை என் பயிற்சியாளருக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன். ஒன்பது வருடமாக அவர் எனக்குக் கத்திக்கொண்டிருப்பது அதைத்தான். இரண்டு தடியையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும்போது நான் தோளால் இழுக்கிற ஆள். குதியை எடுத்து, உடம்பை முன்னுக்கு விழவிட்டு, வயிற்றை மடித்துத் தள்ள வேண்டும். கை அந்தப் பாரத்தைக் கடத்தினால் போதும். போன கிழமை பொன்னாலையில் ஒருவர் வலை கட்டிய தடிகளுக்கு நடுவால் வள்ளம் தள்ளிக்கொண்டு போனார். பாலத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். கம்பு தரையைத் தொட்ட பிறகுதான் அவர் முதுகு வளைகிறது. தொட முன்னரே வளைக்கிறவள் நான். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அவரோடு தாளம் பிடித்தபடி ஓடினேன். அவர் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நினைத்து வந்ததும் நடந்ததும் வேறு. ஏற்றம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கவலைப்பட்டேன். ஆனால் பிர்க்கபைனர் போன்ற நீண்ட ஓட்டங்களில் இப்போது தடித்தள்ளல்தான் ஆளை மேலே கொண்டுபோகிறது. அதற்குச் சமதரையும் எதிர்க்காற்றும் போதும். பண்ணைப் பாலத்தில் சோழகத்துக்கு எதிராக நான்கு நிமிடம் தள்ளுவது, காற்றோடு மெதுவாகத் திரும்பி வருவது, இப்படி ஐந்து தரம். பொன்னாலையில் காரைநகர்ப் பக்கம் போகும்போது காற்று இடப்பக்கக் கன்னத்தில் சாய்வாக அடிக்கும், அதனால் வலத் தடி கூட வேலை செய்ய வேண்டும். ஐந்து கிழமையில் என் வலத் தோள் கொஞ்சம் வீங்கின மாதிரிக்கூட இருக்கிறது. அம்மம்மா நல்லெண்ணெய் பூசுகிறா.

தாதி அன்ரி, நீங்கள் சொன்னபடி முதல் கிழமை பாதிதான் செய்தேன், அழாத குறை. பன்னிரண்டாம் நாள் அதே வேகத்தில் துடிப்பு 144. ஒரு மணிநேரத்தில் 1.3 கிலோ குறைகிறேன். மோர் குடிக்கிறேன், உப்பு அள்ளிப் போடுவது அம்மம்மா.

பைக்குள் என்ன வைப்பது என்று யோசித்தபோது மூன்றரைக் கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசி நிறுத்துத் தந்ததும் அவதான். இரண்டாம் நாளே வியர்வை உள்ளே போய் அரிசி ஊறிவிட்டது. பிறகு பொலித்தீன் பையில் கட்டினோம். ஊறின அரிசியைக் காயவைத்து இடித்துப் புட்டவித்தா. "நோர்வே இளவரசனை அவிச்சுப்போட்டன்" என்று மாமாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு.

விழுந்த கதையும் சொல்ல வேண்டும். நாயால் இல்லை, தீவுப்பக்கத்தான் அண்ணை. நாய்கள் தடியைக் கண்டதும் தூரத்திலேயே நின்று குரைத்துவிட்டுப் போய்விடுகின்றன. மாடுதான் பிரச்சினை. மூளாய்ப் பக்கம் விடியப்புறம் தார் சூட்டுக்காக றோட்டின் நடுவில் படுத்திருக்கும். ஒன்றைச் சுற்றிப் போக ஓரத்துக்கு வந்தேன், புளியங்கொட்டை அளவு ஒரு கல் முன்சில்லில் மாட்டியது. சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையிலும் தொடையிலும் உரசல். மாடு எழும்பவே இல்லை. அன்றிலிருந்து பொன்னாலை வரை மாமாவின் மோட்டார்சைக்கிளில் போய், பாலத்தில்தான் ஸ்கீ கட்டுகிறேன். இன்னொரு பாடம், ஒன்பது மணிக்கு மேல் தார் இளகிவிடும். கூர் இறங்கி மாட்டிக்கொண்டு, இழுத்தால் கருப்பாக நூல் வரும். ஒரு தடியின் கூர் அப்படித்தான் கழன்றது.

மணற்காட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். தடியோடு திட்டி மேல் பாய்ந்து பாய்ந்து ஏறுவது. நோர்வேயில் இதைச் சேற்று மலையில் செய்வோம், எல்க் என்ற பெரிய மானின் பாய்ச்சல் என்று பெயர். அங்கே 20 தரம் ஏறுவேன். மணலில் எட்டாவது தரம் கால் நடுங்கியது. சவுக்குமர நிழலில் இருந்த பொடியன்கள் முதலில் எண்ணினார்கள், பிறகு வெறுங்காலோடு கூட ஓடினார்கள். ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன் என்னை முந்தினான். அவனிடம் தடி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சும்மா ஒருவன் அண்ணை, நல்லூருக்கும் போனேன், கூழும் குடித்தேன், நித்திரையும் கொண்டேன்.

வருகிற சனிக்கிழமை திரும்பிப் போகிறேன். றோலர் ஸ்கீயை அம்மம்மா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக யோசனை, அடுத்த வருடமும் வருவேன். போக முன் யாராவது கட்டிப் பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்குப் பொன்னாலைப் பக்க முனையில் நிற்பேன். சப்பாத்து அளவு 38, 39தான் பொருந்தும்.

---

தீவுப்பக்கத்தான் | ஓகஸ்ட் 6

என் கால் 42. மூத்தவளுக்கு 38, அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வயது 14, சைக்கிளில் என்னை விட்டுவிட்டுப் போகிறவள். சைக்கிள் ஹெல்மெற் அவளிடம் இல்லை, மோட்டார்சைக்கிள் ஹெல்மெற் சரிவருமா?

---

வட்டுக்கோட்டைப் பேத்தி | ஓகஸ்ட் 7

அது பாரம், வெக்கையில் தலை அவிந்துவிடும். என்னுடையதைப் போடலாம். நீளக் காற்சட்டையும் கையுறையும் மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள்.